பழவேற்காட்டு வானமும் ஒரு மயிரிழை விரிசலும்

பழவேற்காட்டு மீனவ கிராமங்களில் நின்றால், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் பி.எஸ்.எல்.வி. கிளம்புவது நன்றாகவே தெரியும். ஆனால் நாம் பார்ப்பது முதல் கட்டத்தின் நெருப்பு. ராக்கெட் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்துப் பற்றுகிற நான்காம் கட்டத்தின் நாசில்தான் இந்தப் பதிவின் விஷயம். இன்னும் சரியாகச் சொன்னால், அதன் மேலுள்ள மெல்லிய பூச்சு.

இந்த நாசில் கொலம்பியம் கலவை. வேதியியல்காரர்கள் 'நியோபியம்' என்று பெயர் மாற்றி எழுபது வருஷம் தாண்டியாச்சு; ராக்கெட்காரர்கள் இன்னும் பழைய பெயரை விடவில்லை. உருகுநிலை 2,477 டிகிரி செல்சியஸ். அப்புறம் பூச்சு எதுக்கு? 600 டிகிரி தாண்டினாலே ஆக்சிஜன் அதை வேகமாகத் தின்ன ஆரம்பித்துவிடும். அதைத் தடுப்பது சிலிசைடு பூச்சு.

1960-களில் அமெரிக்காவின் சில்வேனியா நிறுவனம் உருவாக்கிய ஆர்-512இ இதில் பிரபலமானது: 60 சதவீதம் சிலிக்கான், 20 குரோமியம், 20 இரும்பு. பொடியைக் குழம்பாக்கிப் பூசி, வெற்றிட உலையில் சுடுவார்கள். எங்காவது பூச்சு பெயர்ந்திருந்தால், அந்த இடத்தைச் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி சுட வேண்டும். பழவேற்காட்டில் ஃபைபர் படகின் ஓட்டையை ரெசின் தடவி அடைப்பதுபோலத்தான். ஆனால் படகைக் கரைக்கு இழுக்கலாம்; பறக்கிற ராக்கெட்டை இழுக்க முடியாது.

அந்த வித்தியாசத்தின் விலையை 2003 பிப்ரவரி 1 காட்டியது. கொலம்பியா விண்கலத்தின் இறக்கை முனை, சிலிக்கான் கார்பைடு பூசிய கார்பன்-கார்பன். கிளம்பும்போது நுரைத்துண்டு மோதி அதில் ஓட்டை. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் திரும்பவில்லை. 2005 ஜூலையில்தான் விண்வெளி வீரர்கள், விரிசலை அடைக்கும் பசையை மாதிரித் துண்டுகளில் தடவி விண்வெளியிலேயே சோதித்தார்கள்.

இப்போது இஸ்ரோவும் அதே வகைப் பொருளுக்கு வருகிறது. நான்காம் கட்டத்துக்கான கார்பன்-கார்பன் நாசிலை 2024 மார்ச் 19 அன்று மகேந்திரகிரியில் 60 விநாடி எரித்துப் பார்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று 200 விநாடி. எடை 67 சதவீதம் குறையும், 15 கிலோ கூடுதலாக ஏற்றலாம். இதற்கும் சிலிக்கான் கார்பைடு பூச்சுதான்.

இதுல ஒரு சிக்கல். கார்பனைவிட சிலிக்கான் கார்பைடு அதிகமாகச் சுருங்கும். அதனால் பூசி ஆறவைக்கும்போதே மயிரிழை விரிசல்கள் விழும். விரிசலே இல்லாத பூச்சு என்பது ஆசை மட்டும்தான். சூடேறும்போது பூச்சு விரிந்து விரிசலை நெருக்கும். 1,000 டிகிரிக்கு மேல் சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணாடிபோல் படிந்து இடைவெளியை அடைக்கும். அதற்குக் கீழே உள்ள வெப்பநிலைதான் ஆபத்து.

ஆக, கரையில் கையால் ஒட்டுப்போடுவதில் தொடங்கிய வேலை, தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் பூச்சைத் தேடுவதாக மாறிவிட்டது. ஒட்டுப்போட ஆள் போக முடியாத உயரத்தில் வேறு வழி இல்லை.