கட்டிலும் பெயரும்

முதியோர் இல்லம் என்பது நேற்று முளைத்த ஏற்பாடு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு வேறு சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் கிழக்கு உரோமைப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டங்களில், நோயாளருக்கான இல்லம், வழிப்போக்கருக்கான விடுதி ஆகியவற்றோடு முதியோருக்கான இல்லமும் தனியே குறிக்கப்படுகிறது. முதுமை வேறு, நோய் வேறு என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

அவ்வுணர்வு பிற்காலத்தில் மங்கியது. 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்திற்குப் பின், இங்கிலாந்தின் ஏழையர் விடுதிகளில் முதிய தம்பதியரும் பிரித்து வைக்கப்பட்டனர். 60 வயது கடந்த கணவன் மனைவியரைப் பிரிக்கலாகாது என 1847-இல் தனியே சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. அங்கே கூரையும் கஞ்சியும் இருந்தன; உறவுக்கு இடமில்லை.

அதே காலத்தில் பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் வேறொரு தொடக்கம் நிகழ்ந்தது. 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ழான் ஜுகான் என்னும் 47 வயதுப் பெண், பார்வையிழந்து உடல் தளர்ந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கு அழைத்து வந்து, தமது கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். முதற்பராமரிப்பு அந்தக் கட்டில்தான். மேலும் பலர் வந்து சேரவே, அவர்களுக்கு உணவு தேடிக் கூடையேந்தி வீடுவீடாகச் சென்றார். மருத்துவமனையில் முன்பு பணிபுரிந்தவராதலால் நோயுற்றோரைப் பேணவும் அறிந்திருந்தார். இயன்றவர்கள் கம்பளி நூற்றார்கள். தாங்கள் யாருக்கும் சுமையல்லர் என்ற நிறைவை அந்த வேலை அவர்களுக்குத் தந்தது. இவ்வாறு பிறந்ததே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. 1882-இல் கல்கத்தாவிலும் அது கால்பதித்தது.

இன்றைய இல்லங்கள் பராமரிப்பை வகை பிரித்துப் பெயரிட்டுள்ளன: உறைவிடமும் அன்றாட உதவியும், இரவுபகல் செவிலியர் கவனிப்பு, மறதிநோய்ப் பராமரிப்பு, வீட்டில் பேணுவோர் இளைப்பாறும்பொருட்டுச் சில நாள் தங்கவைத்தல், வலி தணித்து இறுதிவரை உடனிருத்தல். இவற்றுள் கடைசி வகைக்குப் புதுவடிவம் தந்தவர் சிசிலி சாண்டர்ஸ். 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த அவர், உடல்வலியோடு மனவேதனையையும் ஆன்மாவின் தவிப்பையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்று கற்பித்தார்.

இத்தனை வகைகளும் இருந்தும் ஒன்று விடுபட்டுப் போகக்கூடும். அதை ழான் ஜுகானின் பிற்கால வாழ்வே காட்டுகிறது. 1843-இல் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தனர். சபையின் வழிகாட்டியான குருவானவர் அத்தேர்வைத் தள்ளிவிட்டு வேறொருவரை அமர்த்தினார். 1852 முதல் 27 ஆண்டுகள் ழான் தாய்மடத்திலேயே ஒதுங்கி வாழ்ந்தார். உடன் வாழ்ந்த இளந்துறவியர் பலருக்கு அவரே சபையைத் தொடங்கியவர் என்பது தெரியாது. 1879-இல், 86-ஆம் வயதில் அவர் இறந்தபோது சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள் இருந்தனர். 1982-இல் அருளாளராகவும் 2009-இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது. வாழ்ந்தபோது உணவும் உறைவிடமும் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்தன. அவர் யார் என்பது மட்டும் மறைக்கப்பட்டிருந்தது.

நம் பெற்றோர் எங்கே முதுமையைக் கழித்தாலும், இல்லத்திலாயினும் நம் வீட்டுத் திண்ணையிலாயினும், இந்த ஆபத்து அவர்களுக்கும் உண்டு. மறதிநோயாளரைப் பேணும் நல்ல இல்லங்களில் ஒவ்வொருவரின் வாழ்க்கைக் கதையையும் எழுதிவைத்து, பணியாளர் அதைப் படித்தறியச் செய்கின்றனர். என்ன தொழில் செய்தார், எந்தப் பாட்டை விரும்பினார், எப்பெயரால் அழைத்தால் முகம் மலர்வார் என்பன அதில் இருக்கும். மருந்துச் சீட்டோடு இதையும் எழுதிக் கொடுக்க நம்மால் முடியாதா? எழுதத் தொடங்கும்போதுதான் நம் தாய் தந்தையரைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது விளங்கும். அவர்களிடமே கேட்டறிய இன்னும் காலமிருக்கும்போதே கேட்போம்.