மூச்சு விடாத ஆட்டுக்குட்டிகள்

சேவூரில் யாருக்காவது மூச்சு முட்டினால் முதலில் ஆரணிக்குக் கொண்டு போவார்கள். அங்கே கைவிரித்தால் வண்டி வேலூருக்குத் திரும்பும். உண்ணிக் காய்ச்சல் முற்றி நுரையீரலில் இறங்கியவர்கள், நிமோனியாவில் விழுந்தவர்கள், காலமெல்லாம் பீடி குடித்தவர்கள் என்று பார்த்துப் பார்த்து, இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வென்டிலேட்டர் பழகிப்போன சொல். 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும் 2020-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் பொருத்தியபோது, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோவும் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. ஆனால் எக்மோவோடு கூடப்பிறந்த இன்னொரு சிகிச்சை இருக்கிறது: ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்துவிட்டு, திரும்ப உடம்புக்குள் அனுப்புவது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பிறந்த கதையோ, எக்மோவின் கதையைவிட என்னை அதிகம் ஈர்க்கிறது.

நுரையீரலுக்கு இரண்டு வேலை. ஆக்சிஜனை உள்ளே எடுக்க வேண்டும், கரியமில வாயுவை வெளியே தள்ள வேண்டும். ஒரே மூச்சில் இரண்டும் நடப்பதால் நாம் ஒரே வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். ரத்தத்தின் கணக்கு வேறு. சும்மா படுத்திருக்கும் ஒருவரின் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் ரத்தத்திலோ ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் கரியமில வாயு அடங்கியிருக்கிறது, பெரும்பகுதி பைகார்பனேட் வடிவில். அப்படியானால் நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தத்தைச் சுத்தப்படுத்தினாலே, கணக்குப்படி, உடம்பு உண்டாக்கும் அவ்வளவையும் வெளியேற்றிவிடலாம். ஆக்சிஜனில் இது நடக்காது. நுரையீரலுக்குத் திரும்பும் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் முக்கால்வாசி ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சமுள்ள இடத்தில் லிட்டருக்கு 50 மில்லிலிட்டர் போல ஏற்றினாலே பெரிய விஷயம். அதனால்தான் எக்மோவுக்கு நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ரத்தமும் தடித்த குழாய்களும் தேவைப்படுகின்றன.

கணக்கு கையில் இருந்தாலும் கருவி வேண்டுமே. 1944-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் தான் செய்த செயற்கைச் சிறுநீரகத்தின் செலோபேன் குழாயில் ஓடும்போது ரத்தம் பளிச்சென்று சிவப்பதைக் கவனித்தார். மெல்லிய சவ்வு ஒன்றின் வழியாகவே வாயு ரத்தத்துக்குள் போகிறது என்பதற்குக் கண்முன் சாட்சி அது. 1953-இல் ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து வெற்றிகரமாக அறுவை சிகிச்சை செய்தார். ஆனால் அதில் வாயுவும் ரத்தமும் நேரடியாக உரசிக்கொண்டன. சில மணி நேரத்தில் ரத்தம் கெட்டுவிடும். நாள்கணக்கில் ஓட்ட இடையில் ஒரு சவ்வு இருந்தே ஆக வேண்டும். எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த தியோடர் கொலோபோ, 1960-களில் சிலிகோன் ரப்பர் சவ்வைச் சுருளாகச் சுற்றி அப்படியொரு செயற்கை நுரையீரலைச் செய்தார். பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் அவர் வேலை செய்தபோது, இத்தாலியிலிருந்து லூசியானோ கட்டினோனி என்ற இளம் மருத்துவர் அவரிடம் வந்து சேர்ந்தார்.

1977-இல் அவர்கள் வெளியிட்ட சோதனைதான் இந்தக் கதையின் பிரசவ அறை. மயக்க மருந்து கொடுக்காத, விழித்திருக்கும், தானாக மூச்சு விடும் செம்மறி ஆட்டுக்குட்டிகள். அவற்றின் ரத்தம் சவ்வு நுரையீரல் வழியாகச் சுற்றி வருகிறது. கருவி எடுக்கும் கரியமில வாயுவின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட, குட்டியின் மூச்சு அதே அளவுக்குக் குறைகிறது. பாதியைக் கருவி எடுத்தால் குட்டி பாதி மூச்சுதான் விடுகிறது. உடம்பு உண்டாக்கும் அவ்வளவையும் கருவியே எடுத்துக்கொண்டபோது குட்டி மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டது. மூச்சு விடச் சொல்லி மூளையை உந்துவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அது சேராதபோது மூச்சு விடும் தேவையே எழவில்லை. அசையாமல் விரிந்திருந்த நுரையீரலுக்குள் விட்ட ஆக்சிஜன் தானாக ரத்தத்தில் கலந்தது. இரண்டு வேலைகளும் தனித்தனி என்பது அங்கே நிரூபணமானது.

நோயாளிக்கு இதனால் என்ன லாபம்? வென்டிலேட்டர் நுரையீரலை அத்தனை வேகமாகவும் பலமாகவும் ஊதுவது முக்கியமாகக் கரியமில வாயுவை வெளியேற்றத்தான். நோயுற்ற நுரையீரல் அந்த ஊதலிலேயே மேலும் கிழிகிறது. அந்த வேலையை வெளியே வைத்துக்கொண்டால் நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கும். ஆட்டுக்குட்டிச் சோதனைக்குச் சற்றுப் பின்பு, 1979-இல் வெளியான அமெரிக்க எக்மோ ஆய்வில், எக்மோ பொருத்தியவர்கள், பொருத்தாதவர்கள் என்ற இரண்டு பிரிவிலும் பத்துக்கு ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். மிலானுக்குத் திரும்பிய கட்டினோனி, வென்டிலேட்டரை நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை மட்டும் ஊத வைத்தார். 1986-இல் அவர் வெளியிட்ட கணக்கில் 43 பேரில் 21 பேர் பிழைத்திருந்தார்கள். மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு அடி விழுந்தது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 40 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, வழக்கமான வென்டிலேட்டர் பிரிவில் 42 சதவீதம் பேரும் கரியமில வாயு அகற்றிய பிரிவில் 33 சதவீதம் பேரும் பிழைத்திருந்தார்கள். கருவிக்குச் சாதகமாக எதுவும் இல்லை. 2021-இல் பிரிட்டனின் ரெஸ்ட் ஆய்வு, 412 நோயாளிகளோடு பாதியிலேயே நிறுத்தப்பட்ட ஒன்று, 90 நாளில் இறப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டியது: கருவிப் பிரிவில் 41.5, மற்றதில் 39.5 சதவீதம். கருவி பொருத்தியவர்களில் ஒன்பது பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு. மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. ரத்தம் குழாயில் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்தாக வேண்டும், அதன் ஆபத்து எப்போதும் கூடவே நிற்கும்.

இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நுரையீரலை அடித்து வேலை வாங்காதே என்ற அந்த எண்ணம் கருவியே இல்லாமல் வாழ ஆரம்பித்துவிட்டது. கட்டினோனி சி.டி. ஸ்கேனில் பார்த்து, கடுமையாக நோயுற்ற நுரையீரலில் காற்று போகும் பகுதி ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான் என்று காட்டினார். 2000-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, கிலோ எடைக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதில் 6 மில்லிலிட்டர் வீதம் ஊதினால் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31-ஆகக் குறைகிறது என்று நிறுவியது. கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை என்று மருத்துவர்கள் பொறுத்துக்கொள்ளப் பழகினார்கள். இன்று எந்த ஐ.சி.யூ.விலும் வென்டிலேட்டரைத் திருப்பி வைக்கும் கைக்குப் பின்னால் இந்த எண்ணம் இருக்கிறது.

கருவியும் மாறியிருக்கிறது. சிலிகோன் சுருள் போய், உள்ளே துளையுள்ள நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் வந்துவிட்டன. அரை மில்லிமீட்டர்கூட விட்டம் இல்லாத அந்த இழைகளை வரிசையாகப் பரப்பி, குறுக்கே மெல்லிய நூலால் பிணைத்துப் பாயாக நெய்கிறார்கள். இழைக்குள் வாயு, வெளியே ரத்தம். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ரத்தம் ஒரே பக்கம் ஓடிவிடும், இடைவெளி சீராக இருந்தாக வேண்டும். பாவு இழை ஒன்று நகர்ந்தால் சேலை என்ன ஆகும் என்று தெரிந்த சேவூர் நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்போது இதை எல்லோருக்கும் பொருத்துவதில்லை. நாள்பட்ட சுவாசக் குழாய் நோயில் கரியமில வாயு ஏறித் தொண்டைக்குள் குழாய் போடும் கட்டத்துக்கு வந்தவர்கள், நுரையீரல் மாற்றுக்காகக் காத்திருப்பவர்கள் என்று தேர்ந்தெடுத்த சிலருக்கு, சில மையங்களில் பயன்படுத்துகிறார்கள். டயாலிசிஸ் சுற்றிலேயே சவ்வு நுரையீரலைச் சேர்த்து, சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் ஒரே ரத்தச் சுற்றில் உதவுவதும் உண்டு. எந்த நோயாளிக்கு நன்மை, யாருக்கு ரத்தக்கசிவின் விலை தாங்காது என்று பிரித்தறிவதில்தான் இன்றைய ஆராய்ச்சி நிற்கிறது.