லபிறடோர் நாயின் மூன்று நிறங்கள்

1899ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டோர்செற் பகுதியிலே, மேஜர் ராட்கிளிவ் என்பாரின் நாய்ப்பண்ணையில் 'நெப்டியூன்', 'டச்சஸ்' என்னும் இரு கரிய நாய்கள் குட்டிகளை ஈன்றன. அவற்றுள் ஒன்று மஞ்சள் நிறமாயிருந்தது. அக்காலத்து லபிறடோர் வளர்ப்போர் இத்தகைய குட்டியைக் கண்டால் கலப்புப் பிறப்பென ஐயுறுவர். பலவிடங்களில் அதனைக் கொன்றுவிடுவதும் வழக்கமாயிருந்தது. ராட்கிளிவ் அவ்வாறு செய்யவில்லை. அதற்கு 'பென் ஒவ் ஹைட்' எனப் பெயரிட்டு வளர்த்தார். பதிவேட்டில் இடம்பெற்ற முதலாவது மஞ்சள் லபிறடோர் அதுவே. இன்று லபிறடோர் என்றதும் நேயர் பலரின் மனக்கண்முன் வந்து நிற்பது அந்த மஞ்சள் நிறமன்றோ?

கருமையே இந்த இனத்தின் இலக்கணம் என்ற எண்ணம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிய, அட்லாண்டிக் கடலின் மறுகரைக்குச் செல்லவேண்டும். நியூபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர் சென். ஜோன்ஸ் நீர்நாய் என்றொரு வகையை வளர்த்துவந்தனர். தூண்டிலினின்று நழுவிய மீனைப் பிடித்தலும், வலைக்கயிற்றைக் கௌவிக்கொண்டு நீந்துதலும் அதன் தொழில். (லபிறடோர் என்பது அயலிலுள்ள வேறொரு நிலப்பரப்பு; பெயர் அங்கிருந்து வந்ததேயன்றி நாய் வரவில்லை.) அது பெரும்பாலும் கரிய நிறமும், மார்பிலும் பாதங்களிலும் வெள்ளைத் திட்டுகளும் உடையது. இன்றைய லபிறடோரின் மார்பிலே சிலவேளை காணப்படும் வெண்பொட்டு அம்மூதாதையின் எச்சமே.

மீன்கொணர்ந்த கப்பல்களில் இந்நாய்கள் டோர்செற்றின் பூல் துறைமுகத்தை அடைந்தன. மாம்ஸ்பெரிப் பிரபுக்கள் அவற்றை வாங்கி, வேட்டையிற் சுடப்பட்ட பறவைகளை எடுத்துவரப் பழக்கினர். 1880களில் அவர்கள் அளித்த நாய்களைக்கொண்டு ஸ்கொத்லாந்தின் பக்ளூக் கோமகன் இவ்வினத்தை நிலைபெறச் செய்தார். 1887இல் அக்கோமகன் குடும்பத்துக்கு மூன்றாம் மாம்ஸ்பெரிப் பிரபு எழுதிய கடிதமொன்று ஆராயத்தக்கது. உண்மையான இனத்தை அறிவதற்கு அவர் காட்டிய அடையாளங்கள் இரண்டு: எண்ணெய்போல் நீரை ஒட்டவிடாத நெருங்கிய உரோமம், நீர்நாய் என்னும் விலங்கின் வாலையொத்த வால். இரண்டும் குளிர்நீரில் உழைப்பதற்கு உதவுவன. நிறம் உதவுவதன்று. ஆயினும் பண்ணைகள் பெருகியபோது உழைப்பை விட்டுக் கண்ணுக்குத் தெரிவதையே பெரிதென மதித்தனர் போலும்.

ஆனால் குட்டிகளைக் கொன்றதனால் மஞ்சள் நிறம் மறைந்துவிடவில்லை. அதன் காரணம் பிற்காலத்து மரபியலால் விளங்கிற்று. லபிறடோரின் நிறத்தை முதன்மையாக இரு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நிறமி கருமையாகுமா, கபிலமாகுமா என்பதை முடிவுசெய்வது. மற்றையது, அந்நிறமி உரோமத்தில் உண்டாவதற்கு இடமளிப்பது. இந்த இரண்டாவது மரபணுவின் மாறிய வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குட்டி, மூக்குக் கறுத்திருப்பினும் உடல் மஞ்சளாகவே பிறக்கும். ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றதோ முழுக்கருமையாய்த் தோன்றும். அத்தகைய கரிய நாய்கள் இரண்டு கூடினால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று மஞ்சளாகும்; கரிய குட்டிகளுள்ளும் மூன்றில் இரண்டு பங்கு அவ்வடிவத்தை மறைவாகத் தாங்கியிருக்கும். மஞ்சட் குட்டியைக் கொன்று கருங்குட்டியைப் போற்றியவர், தாம் வெறுத்த நிறத்தையே அடுத்த தலைமுறைக்கு வளர்த்தனுப்பினர்!

1903இல் இங்கிலாந்தின் கெனல் கழகம் இவ்வினத்தைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. மஞ்சள் நிறம் மெல்ல மெல்ல மதிப்புப் பெற்றது. சொக்கலேற் எனப்படும் கபில நிறமோ இன்னும் நெடுங்காலம் காத்திருந்தது. 1964இல்தான் 'குக்றிட்ஜ் டாங்கோ' என்னும் கபில நாய் பிரித்தானியாவில் முதன்முதலாகச் சாம்பியன் பட்டம் பெற்றது.

பின்னர் நாகரிகம் தலைகீழாயிற்று. கபிலக் குட்டியையே பலரும் விரும்பிக் கேட்டனர். 2018இல், சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளரின் தலைமையில் பிரித்தானிய லபிறடோர்களைப்பற்றி வெளியான ஆய்வொன்று, ஏனைய நிறத்தவை இடைநிலையாக 12.1 ஆண்டு வாழ, கபிலமானவை 10.7 ஆண்டே வாழ்ந்தன எனக் கண்டது. காதழற்சியும் சிலவகைத் தோல்நோய்களும் அவற்றிலே மிகுந்திருந்தன. நிறமே நோய் தருவதென்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. கபிலக் குட்டி பிறக்கவேண்டுமாயின் பெற்றோர் இருவரும் அதற்குரிய மரபணுவைத் தாங்கவேண்டும். எனவே அந்நிறத்தையே நாடுவோர் ஒரு சிறு கூட்டத்துள்ளேயே மீண்டும் மீண்டும் இணைசேர்க்க நேர்கிறது. அக்கூட்டத்தில் ஏற்கெனவே இருந்த நோய்க்கூறுகளும் நிறத்தோடு கூடவே பெருகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.