வணிகர் இணக்கமும் போட்டித்தன்மை ஆணையமும்

துறைமுகத்தையும் தடையற்ற வாணிகத்தையும் நம்பி வளர்ந்த சிங்கப்பூரில், வணிகப் போட்டியைக் காப்பதற்கெனப் பொதுவானதொரு சட்டம் நெடுங்காலம் இருந்ததில்லை. சந்தையின் கதவு திறந்திருக்கும்வரை விலை தானே கட்டுக்குள் நிற்கும் என்னும் நம்பிக்கை அங்கு வலுவாக இருந்தது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட வாணிக உடன்பாடு, அத்தகைய சட்டம் இயற்றும் கடமையை நாட்டுக்கு அளித்தது. மறு ஆண்டே போட்டிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. 2005 சனவரி முதல் நாள் போட்டித்தன்மை ஆணையம் தோன்றியது.

அயல்நாட்டு உடன்பாட்டின் வழியே வந்த சட்டமாயிற்றே, அது பெருநிறுவனங்களுக்கே உரியது என்று கருதத் தோன்றும். ஆயின் ஆணையம் 2008இல் வழங்கிய முதல் தண்டத் தீர்ப்பு, கறையான் ஒழிக்கும் தொழிலைப் பற்றியது! கட்டட உரிமையாளர் பலரிடம் விலை கேட்பர். வேலை யாருக்கு என்பதை அத்தொழிலாளர் தமக்குள் முன்னரே முடிவு செய்திருப்பர். ஏனையோர் வேண்டுமென்றே கூடுதல் விலை எழுதி அனுப்புவர். கேட்டவர் கண்ணுக்குப் போட்டி நடந்ததாகவே தோன்றும். இவ்வாறு செய்த ஆறு நிறுவனங்களுக்கு விதித்த தண்டம் ஏறத்தாழ 2 இலட்சத்து 62 ஆயிரம் வெள்ளி. தொகை சிறிதே, எனினும் களவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அத்தீர்ப்பு காட்டிற்று.

மறு ஆண்டு வந்த தீர்ப்பு, மலேசியாவுக்குச் சென்றுவரும் மக்களை நேரே தொட்டது. விரைவுப் பேருந்து நடத்திய 16 நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் பயணச்சீட்டுக்குக் குறைந்தபட்ச விலையையும், எரிபொருள், காப்புறுதிக் கட்டணத்தையும் ஒருங்கே வகுத்திருந்தன. உறுப்பினர் நலம் பேணத் தோன்றிய சங்கமே விலை வகுக்கும் மன்றமாக மாறியது இங்கு நோக்கத்தக்கது. தண்டம் ஏறத்தாழ 1.7 மில்லியன் வெள்ளி. மேன்முறையீட்டில் அதில் ஒரு பகுதி பின்னர்க் குறைக்கப்பட்டது.

இணக்கம் வாய்ச்சொல்லால் நிகழ்வது. கையெழுத்திட்ட சான்று கிடைப்பது அரிது. ஆதலின் நிறுவனங்களுள் புகுந்து ஏடுகளைத் தேடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கூட்டில் இருந்தவரே முன்வந்து உண்மை உரைப்பின், தண்டத்திலிருந்து விலக்கோ குறைப்போ பெறலாம். குற்றம் செய்தவனுக்குச் சலுகையா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் கூட்டாளிகள் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கிவிட்டால் கூட்டு நெடுநாள் நிலைக்காது. தண்டமோ, உள்நாட்டு விற்றுமுதலில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக மூன்றாண்டுகள்வரை செல்லக்கூடும்.

அவ்வதிகாரத்தின் முழு வலிமை 2018இல் வெளிப்பட்டது. மலேசியாவிலிருந்து உயிருடன் வரும் கோழிகளை அறுத்து விற்ற 13 விநியோகிப்பாளர், 2007 முதல் 2014 வரை கூடிப் பேசி, ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் அணுகுவதில்லை என்றும் விலையை ஒருங்கே உயர்த்துவது என்றும் இசைந்திருந்தனர். நாட்டில் விற்ற புதுக்கோழியில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் கைவழியே சென்றது. சோற்றுக்கடைக்காரர் எப்பக்கம் திரும்பினும் அதே கூட்டத்தாரிடமே வாங்க நேர்ந்தது. தண்டம் ஏறத்தாழ 26.9 மில்லியன் வெள்ளி; அதுவரை ஆணையம் விதித்தவற்றுள் அதுவே மிகப் பெரிது.

எனினும் அதே மாதத்தில் வந்த மற்றொரு தீர்ப்பு ஆணையத்தின் எல்லையையும் காட்டிற்று. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வாணிகத்தைக் கிராப்பிடம் ஒப்படைத்து, மாற்றாகக் கிராப்பில் 27.5 விழுக்காட்டுப் பங்கு பெற்றது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் இணைப்பை முன்னதாகத் தெரிவிப்பது கட்டாயமன்று. ஆணையம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. விசாரணையில் கிராப்பின் கட்டணம் பத்து முதல் பதினைந்து விழுக்காடு உயர்ந்தது புலப்பட்டது. செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் 13 மில்லியன் வெள்ளி தண்டம் விதித்து, ஓட்டுநரைத் தன்னிடமே கட்டிவைக்கும் நிபந்தனைகளைக் கைவிடுமாறும் கிராப்புக்குக் கட்டளையிட்டது. அந்நாளில், சிங்கப்பூரில் ஊபரின் செயலி மூடப்பட்டு நான்கு மாதங்களுக்கு மேல் கடந்திருந்தன.