தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் பெண்

வைகாசி கருட சேவைக்கு இந்த வருஷம் மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போயிருந்தேன். மகளுக்கு எட்டு வயசு. விடியற்காலைக் கூட்டத்தில் பெருமாள் தெரியவேண்டுமென்று தோளில் தூக்கி வைத்தேன், கழுத்து போயிடுச்சு. அவளோ பெருமாளை விட்டுவிட்டு நாயனக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுக்கு டிக்கெட் இல்லையா?" என்று கேட்டாள். சென்னை டிசம்பர் சீசன் பார்த்து வளர்ந்த குழந்தை, வேறென்ன கேட்கும்!

தெருவில் கேட்பதற்கு டிக்கெட் கிடையாதுதான். ஆனால் யார் பாடலாம், யார் கேட்க மட்டும் செய்யலாம் என்பதற்கு இந்த ஊரில் ஒரு காலத்தில் கறாரான கணக்கு இருந்தது.

நூறு வருஷம் முன்னால் காஞ்சிபுரத்து சங்கீதம் என்றால் நாயனாப் பிள்ளை (1889–1934). மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று தாள வாத்தியக்காரர்களை வரிசையாக உட்கார வைத்து அவர் பாடும் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி பிரசித்தம். லய வித்வான்களே பயந்து பயந்து உட்காரும் கச்சேரி அது. வருஷா வருஷம் ஊரில் தியாகராஜ உற்சவமும் நடத்தினார். அவருடைய சித்தி தனகோடி அம்மாள் அதற்கு முன்பே மேடையில் பாடிப் புகழ்பெற்றவர், கிராமபோன் தட்டுகளில் குரலை விட்டுச் சென்றவர். வீணை தனம்மாளின் மகள் காமாட்சி அம்மாள், தன் பெண்கள் பிருந்தாவையும் முக்தாவையும் நாயனாப் பிள்ளையிடம்தான் பாட்டு கற்க அனுப்பினார். இசை வேளாளர் குடும்பங்களில் பெண் பாடுவது தொழில், பரம்பரைச் சொத்து.

அதே ஊரில் காந்திமதி என்று ஒரு பிராமணப் பெண்மணி. நன்றாகப் பாடுவார். சபையை விடுங்கள், உறவுக்காரர்கள் முன்னாலும் பாடக்கூடாது என்று கட்டுப்பாடு. கேட்டு ரசிக்கலாம், அவ்வளவுதான். ஒரே ஊர், ஒரே தியாகராஜர். திருவையாற்றில் கதை வேறு மாதிரி. அங்கே ஆராதனையில் எந்தப் பெண்ணையும் பாட விடவில்லை, நாகரத்தினம்மாள் 1927-ல் பெண்களுக்கென்று தனியாகவே நடத்த வேண்டியிருந்தது.

காந்திமதியின் கணவர் தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர். இவருக்கு சங்கீதப் பித்து. 1919-ல் பிறந்த தன் மகளை நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளுக்குக் கூட்டிப் போனார். அந்தக் குழந்தை சும்மா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்ட கீர்த்தனையையும் ராக சஞ்சாரத்தையும் தம்பிகள் உதவியோடு எழுதி வைத்துக்கொள்ளும். (நாம் செல்போனில் ரெக்கார்ட் பண்ணுகிறோம், திரும்பக் கேட்பதே இல்லை.) 1929-ல் பத்து வயதில் மெட்ராஸ் கார்ப்பரேஷன் ரேடியோ, 1932-ல் ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. டி.கே. பட்டம்மாள். பெண்களுக்குச் சரிவராது என்று ஒதுக்கி வைத்திருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் விஸ்தாரமாகப் பாடி 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வாங்கினார். அந்த லயப் பிடிப்புக்கு விதை நாயனாப் பிள்ளை கச்சேரிகளில் விழுந்ததுதான்.

எனக்குக் கொஞ்சம் உறுத்துவது தீட்சிதர்தான். மகளுக்குத் திறந்த கதவை மனைவிக்கு ஏன் திறக்கவில்லை? காலம் அப்படி என்று ஒரே வரியில் முடிக்கலாம். எனக்கு அது போதவில்லை. மகளை அழைத்துப் போன அந்த சாயங்காலங்களில் காந்திமதி வீட்டில் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்?

திரும்பி வரும்போது காரில் மகள் நாயனத்தை வாயாலேயே ஊதிக்கொண்டு வந்தாள். முன் சீட்டிலிருந்த அம்மா திரும்பாமலே, "அங்க காந்தாரத்தை இன்னும் கொஞ்சம் அசைக்கணும்டி" என்று பாடிக் காட்டினாள். சமையலறைக்கு வெளியே அம்மா பாடி நான் கேட்டதில்லை. எங்கம்மா கத்துக்கிட்டே என்றேன். "உங்க தாத்தா ரேடியோ வெச்சிருந்தாரு" என்றாள்.