அம்பகமுவ வீதியில் நின்ற மேளம்

கம்பளை நகரின் அம்பகமுவ வீதியில் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்பது நூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கையின் உயர் நீதிமன்றம் வரை போன கேள்வி. கதிர்காமத் தெய்வத்துக்குரிய வலஹாகொட தேவாலயத்தின் எசல பெரஹர ஊர்வலம் மேளதாளத்தோடு அந்த வீதி வழியே போவது வழக்கம். பிற்காலத்தில் அங்கே கரையோரச் சோனகர், அதாவது தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம்கள், ஒரு பள்ளிவாசல் எழுப்பினார்கள். தொழும் இடத்தின் முன் வாத்தியம் கூடாது என்று கேட்டார்கள். பள்ளிவாசலை அண்டிய குறிப்பிட்ட தூரத்துக்கு மேளத்தை நிறுத்தினால்தான் அனுமதி என்று 1912இல் அரசாங்க அதிபர் நிபந்தனை போட்டார். தேவாலய நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே கண்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். வரலாற்று அறிஞருமான நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் நிலமேயின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பௌத்த சமயத்துக்குப் பாதுகாப்பு வாக்களித்த 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தமே அவருக்கு ஆதாரம். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. நான்கு மாதம்கூடக் கழியவில்லை. மே 28ஆம் திகதி வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலின் முன் தொடங்கிய தகராறு தீவின் பல பகுதிகளுக்கும் பரவியது. ஏறத்தாழ ஒன்பது நாள் எரிந்து ஓய்ந்தபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டிருந்தன. 17 பள்ளிவாசல்கள் கொளுத்தப்பட்டிருந்தன, 86 சேதப்பட்டிருந்தன. உயிரிழப்பும் ஏற்பட்டிருந்தது.

இந்த வழக்கில் இரு தரப்பும் உண்மையில் எதைக் கேட்டார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒருவருக்கு மேளம் தெய்வத்துக்குச் செய்யும் சேவை. அதை நடுவழியில் நிறுத்துவது தெய்வத்தின் வாயை மூடுவதற்குச் சமம். மற்றவருக்கு அமைதியே தொழுகையின் மரியாதை. அதன் முன் மேளம் முழங்குவது இறைவனுக்கு முன் கூச்சலிடுவதற்குச் சமம். இருவர் மனதிலும் இருந்தது பக்தி. எதிர்ப்பக்கத்துக்கு அது அவமதிப்பாக மட்டுமே போய்ச் சேர்ந்தது. இடையில் மொழி நின்றதும் இதற்கு ஒரு காரணம். முஸ்லிம்களின் எழுத்துலகம் தமிழ். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ தமிழில்தான் வந்தது. அநகாரிக தர்மபால 1906இல் தொடங்கிய ‘சிங்கள பௌத்தயா’வில் அந்நிய வியாபாரிகள் மீதான சீற்றம் சிங்களத்தில் ஓடியது. ஒரே வீதியில் கடை வைத்து, ஒரே ஆற்றில் குளித்தவர்கள் இரு வேறு அச்சுலகங்களில் வாழ்ந்தார்கள். தன் குரலையே திரும்பத் திரும்பக் கேட்கும் எதிரொலி அறை என்று இன்று நாம் பேஸ்புக்கைப் பற்றிச் சொல்கிறோம். அந்த அறைக்கு இந்த மண்ணில் அஸ்திவாரம் போட்டது கைத்தொலைபேசி இல்லை.

1915 கலவரத்துக்கு வேர் வியாபாரம்தான், மேளமும் வதந்தியும் வெறும் சாக்கு என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதல் உலகப் போர் விலைவாசியை ஏற்றியிருந்தது, கடன் கொடுத்த கடைக்காரர் மேல் கசப்பு இருந்தது, வளர்ந்துவந்த சிங்கள வியாபாரிகளுக்குக் கரையோரச் சோனகர் நேரடிப் போட்டியாளர். ஆனால் விலை ஏறிய ஊரெல்லாம் எரிவதில்லை. கசப்பு கல்லாக மாறக் கதை ஒன்று வேண்டும். புத்தரின் புனிதப் பல் உள்ள கண்டித் தலதா மாளிகைக்கு ஆபத்து என்ற வதந்தி ரயில் பாதையோடு கீழே இறங்கிப் போனபோது அந்தக் கதை கிடைத்தது. கண்டிக்குப் போய்ப் பார்க்கவோ, அண்டைவீட்டு முஸ்லிமிடம் கேட்கவோ யாருக்கும் தோன்றவில்லை. வருத்தம் வயிற்றில் பிறந்தாலும், அதற்கு எதிரியின் முகத்தை ஒட்டிவிடுவது மூடிய காதுதான்.

நூறாண்டு கழித்தும் கதை பெரிதாக மாறவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மாவுக்கட்டி இருந்தது. அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரைதானே என்று வாடிக்கையாளர்கள் மிரட்டிக் கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர், கேள்வி புரியாமலே ஆமென்றார். அந்த ஒரு சொல் காணொளியாகி நாடெங்கும் பறந்தது. அது மாவுதான் என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்? ஒரு வாரத்துக்குள், சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்குண்டு இறந்ததைத் தொடர்ந்து, கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகள் தீப்பற்றின. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 7ஆம் திகதி அரசு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 மே மாதம், சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். கேலி செய்தவருக்குச் சொன்ன அந்தப் பதிலை மிரட்டலாகப் படித்தார்கள். கடைகளும் பள்ளிவாசல்களும் கல்லடி பட்டன. அம்பாறையிலும் சிலாபத்திலும் தீப்பொறி ஒன்றே: மற்றவர் மொழியில் கேட்கத் தெரியாமை.

அதனால்தான், பிறர் நிலையில் நின்று உணர்வதை வெறும் நல்ல மனது என்று எண்ணிவிடக் கூடாது. அது பழகிப் பெற வேண்டிய வேலைத்திறன். ஒரு பக்கத்துக்கு மட்டும் பரிவு காட்டினாலும் எதிரொலி அறை திறக்காது, சுவர்தான் தடிக்கும். 1915 கலவரத்தை அடக்க இராணுவச் சட்டத்தின் பெயரில் நிரபராதிகளான சிங்களவர் சுடப்பட்டதை எதிர்த்துத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும் இலண்டனிலும் போராடினார். அது துணிவான செயல், நியாயமான செயல். ஆனால் கடையும் பள்ளிவாசலும் இழந்த முஸ்லிம்களின் வலி அவருடைய வாதத்தில் அதே அளவு கேட்கவில்லை. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் எழுதியதற்கு முஸ்லிம் அறிஞர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதியிருந்தார். ஏற்கெனவே இருந்த அந்தக் கசப்போடு இதுவும் சேர்ந்து, தமிழ்–முஸ்லிம் உறவில் நெடுங்காலம் நீங்காத பிளவாகியது. சிங்களவருக்கு நேர்ந்த அநியாயத்தைப் பார்த்த கண், அயலவருக்கு நேர்ந்த அநியாயத்தையும் பார்த்திருந்தால் அந்தக் குரலுக்கு இன்னும் வலு இருந்திருக்கும்.

அடிபட்டவனிடம் அடித்தவன் நிலையில் நின்று பார் என்பது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். சரியான கேள்வி. கொளுத்தியவனைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் கடமை, அந்தக் கடமைக்கு மாற்றாக மன்னிப்பை வைப்பது ஏமாற்று. இங்கே நான் பேசுவது குற்றத்துக்கு முந்தைய நேரத்தைப் பற்றி. செய்தி கைக்கு வந்து, அதை இன்னொரு குழுவுக்கு அனுப்ப விரல் நீளும் அந்த அரை நிமிடத்தைப் பற்றி. அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் பலியில்லை, எல்லோரும் வெறும் வாசகர்கள். எதைக் காட்டுவது என்று தளத்தின் பரிந்துரைப் பொறியே முடிவுசெய்யும்போது ஓர் இளைஞனால் என்ன செய்ய முடியும் என்பதும் கேள்விதான். பொறி காட்டுவதை அவன் தடுக்க முடியாது. கை மாறுவதைத் தடுக்க முடியும். 1915இல் ரயிலை யாரும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை, வதந்தியை அடுத்த நிலையத்தில் இறக்காதிருந்தால் போதுமாயிருந்தது.

கம்பளையின் பிள்ளைகள் மொழி வாரியாகவும் பெரும்பாலும் சமய வாரியாகவும் பிரிந்த பாடசாலைகளில் படிக்கிறார்கள். அரசியலமைப்பு 1987 முதல் தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்கிறது. காகிதத்தில் உள்ள அந்த ஏற்பைக் காதுவரை கொண்டுவருவது இவர்கள் கையில்தான் இருக்கிறது. சிங்கள நண்பனொருவன் விளக்கிய ஒரு சொல், பெருநாள் வீட்டில் சிங்களப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு வழக்கம், ‘இதை உன் பக்கத்தில் எப்படிப் புரிந்துகொள்வார்கள்?’ என்று பகிர்வதற்குமுன் ஒரு தோழனுக்கு அனுப்பும் ஒற்றைக் கேள்வி. பெரஹர மேளத்துக்கும் தொழுகையின் அமைதிக்கும் இடையே ஒரு மணி நேரத்தை ஒதுக்க 1912இல் முடியவில்லை, இத்தகைய நட்புகள் இருந்தால் இன்று முடியும். பழைய தீர்ப்பில் ஒரு பக்கம் வென்றது, மறு பக்கம் தோற்றது. ஊர் தோற்றது.

கம்பளையிலிருந்து கண்டி போகும் பக்கம், லங்காதிலக விகாரையின் பாறையில் 1344இல் வெட்டிய சாசனங்கள் இருக்கின்றன. கம்பளை அரசன் நாலாம் புவனேகபாகுவின் காலத்தில் அமைச்சர் சேனாலங்காதிகார எழுப்பிய அந்த விகாரைக்குக் கிடைத்த நிலதானங்களை அவை அறிவிக்கின்றன. ஒன்று சிங்களத்தில் இருக்கிறது. மற்றது தமிழில்.