போனில் பிழை இல்லை, எங்களில்தான் பிழை

இன்று ஒரு சின்னச் சரித்திரம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தீவகப் பிள்ளைகளுக்காக நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து பாடக்குறிப்புகளை இணையத்தில் ஏற்றினோம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு டேட்டா வீணாகக்கூடாது என்று, படம் எதுவுமில்லாத வெறும் எழுத்துக் கோப்புகளாகவே போட்டோம். எங்கள் கணினியில் தமிழ் அழகாகத் தெரிந்தது. பிள்ளைகளின் போனிலோ, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்'உம் வரிவரியாக நின்றன. "எங்கட போன் பழசு சேர்" என்றாள் ஒரு பிள்ளை. நாங்களும் அதை நம்பி, "வேற போனில பாருங்கோ" என்று சொல்லிவிட்டோம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் படகேறும் பொதிகளைப் பார்த்திருப்பீர்கள். யாருக்கு, உள்ளே என்ன என்று மேலே எழுதியிருந்தால்தான் ஒழுங்காகப் போய்ச் சேரும். இணையத்திலும் அப்படித்தான். சேர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது அதற்கு முன்னால் சில வரிகளை அனுப்பும். அவைதான் ஹெடர்கள். நம் கண்ணில் படாது, ஆனால் போன் முதலில் வாசிப்பது அவற்றைத்தான்.

1991இல் டிம் பேர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் எச்டிடிபியில் ஹெடரே கிடையாது. 1992இல் மின்னஞ்சலுக்காக வந்த 'மைம்' முறை, உள்ளே இருப்பது எழுத்தா படமா என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தைத் தந்தது. 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 அதை எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு விதியும் வந்தது: எழுத்துமுறை எதுவென்று சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்தென்று கொள்ள வேண்டும். அவர்களுக்கு இது வசதி. தமிழுக்கோ, யூடிஎப்-8இல் ஒரு குறிக்கு மூன்று பைட்டுகள். அவற்றைத் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக வாசித்தால் வருவதுதான் அந்தப் பிள்ளை கண்டது.

1990களின் கடைசியில் வந்த வாப் போன்கள் இன்னும் கறார். தனக்குரிய வகைப்பெயரை சேர்வர் சரியாகச் சொல்லாவிட்டால் பக்கத்தைத் திறக்காது. இன்றைய போன் திறந்து, தவறாக வாசித்துவிடுகிறது. அந்த ஐரோப்பிய விதியை 2014இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பெயர் சொல்லாமல் வரும் எழுத்துக் கோப்பை உலாவிகள் இன்னும் ஊகித்துத்தான் திறக்கின்றன.

கடைசியில் ஒரு வரிதான் தேவைப்பட்டது: 'கொன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/பிளெயின்; சார்செட்=யூடிஎப்-8'. அதோடு 'காஷ்-கொன்ட்ரோல்: மாக்ஸ்-ஏஜ்=604800' என்றும் சேர்த்தோம். 604800 செக்கன் என்றால் ஒரு வாரம். அதுவரை போன் தன்னிடமுள்ள பிரதியையே காட்டலாம், மறுபடி டேட்டா செலவில்லை.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் அதற்குள் குறிப்புகளைப் பக்கத்து வீட்டில் கையால் எழுதி முடித்திருந்தாள்.

பாடம் ஏற்றும் ஆசிரிய நண்பர்களே, பிள்ளையின் போனைக் குறை சொல்லுமுன், உங்கள் சேர்வர் என்ன சொல்லி அனுப்புகிறது என்று ஒருதரம் பாருங்கள்.